சிவப்பு நூல் போட்ட பெட்ஷீட்

எம் பொண்ணு சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

நான் வெளிய பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தேன். அவ உள்ள இருந்தா. நடுவுல ஒரு பச்சைத் திரை, அதையும் பாதிதான் இழுத்து விட்டிருந்தாங்க. திரைக்குக் கீழ டாக்டரோட செருப்பு தெரிஞ்சுது, கட்டிலோட கால் தெரிஞ்சுது. பாப்பா கட்டில் மேல கவுந்து படுத்திருந்ததால அவ மட்டும் கண்ணுல படலை.

சேலத்துல, மருந்துக்கடைக்கு மேல மாடியில இருந்த கைரோபிராக்டிக் கிளினிக் அது. முதுகெலும்பைக் கையாலயே அழுத்தி நீவிச் சரிபண்ற வைத்தியமாம். பெரியவங்க போய்ப் படுத்தா சடக் சடக்குன்னு சத்தம் வரும். குழந்தைங்களுக்கு அப்படியில்லை, விரலால லேசா அழுத்தறதோட சரி. அறை முழுக்க யூகலிப்டஸ் தைல வாசனை.

"அப்புறம் என்னாச்சு?"ன்னு டாக்டர் கேக்கறாங்க. பாப்பா என்னமோ குசுகுசுன்னு சொல்றா. மறுபடியும் ரெண்டு பேரும் சிரிக்கறாங்க.

என்ன சொன்னாள்னு எனக்குக் கேக்கலை. வயிறு எரிஞ்சுச்சு. சுத்தி வளைக்காம சொல்லிடறேனுங்க, பொறாமைதான். பெத்தவ வெளிய, நேத்து வந்தவ உள்ள. யாருக்குத்தான் எரியாது?

அனுமதி வாங்கின கதை

போன வாரம் எங்க காட்டேஜ்ல குரங்கு புகுந்து புதுமாப்பிள்ளையோட மூக்குக்கண்ணாடியைத் தூக்கிட்டுப் போனதை இந்தப் பக்கத்துல எழுதியிருந்தேன். சிரிச்சு வயித்து வலியே வந்துடுச்சுன்னு நெறையப் பேரு சொன்னீங்க. இந்த வாரம் அந்த ரகம் இல்லை. எட்டு வயசு தாண்டியும் எங்க பாப்பா படுக்கையில ஒண்ணுக்குப் போயிட்டிருந்த காலத்துக் கதை.

இப்ப அவ காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டுட்டு உக்காந்திருக்கா. எழுதட்டுமா கண்ணுன்னு கேட்டேன். "தாராளமா எழுதுங்கம்மா. எத்தனை பிள்ளைங்க இதை நினைச்சு அழுதுட்டிருக்கும். என் பேரை மட்டும் போடாதீங்க. அக்கா பேரும் வேண்டாம்"னா.

அக்கான்னா யாருன்னு தெரியுதுங்களா? அந்த டாக்டர்தான். இன்னிக்கும் அக்காதான். வாரப்பத்திரிகை வந்ததும் மொதல்ல போட்டோ எடுத்து அவங்களுக்குத்தான் அனுப்புவா. எழுதறது நான்.

கொடியில காயற வெள்ளை

எங்க காட்டேஜ் ஏற்காடு ஏரியிலிருந்து கொஞ்சம் மேல ஏறினா வரும். நாலு ரூமு. அதுக்குப் பின்னாடி எங்க ஊடு. ஊட்டுக்கும் காட்டேஜுக்கும் நடுவுல துணி காயப்போடற இடம். டூரிஸ்ட் சீசன்ல அந்த இடம் முழுக்க வெள்ளை பெட்ஷீட்டா தொங்கும்.

மலையில துணி காயறது லேசான காரியம் இல்லீங்க. காலையில வெயிலடிக்கும், நம்பி விரிச்சுப் போட்டா மதியம் பனி இறங்கி மறுபடியும் நனைச்சுட்டுப் போயிரும். காயாத பெட்ஷீட்டை அடுப்பு ரூமுக்குள்ள கட்டித் தொங்கவிட்டு, அது புகை நாத்தம் பிடிச்சு, மறுபடி துவைச்சு... கெஸ்ட்டு வந்து மூக்கைச் சுளிச்சா போச்சு.

காய்ஞ்சதும் வேலைக்கு வர்ற சாந்தியும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் ரெண்டு மூலையைப் பிடிச்சுக்குவோம். ஒரு உதறு உதறி, ரெண்டா மடிச்சு, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் நடந்து வந்து மூலையோட மூலை சேர்ப்போம். அப்படிப் பண்ணினாத்தான் சுருக்கம் இல்லாம அலமாரியில நிக்கும். ஒத்தை ஆளால ஆகற வேலை இல்லை.

இத்தனை வெள்ளைக்கு நடுவுல பாப்பாவோட பெட்ஷீட் மட்டும் ரோஸ் கலர்ல பூப்போட்டது. தினமும் தொங்கும்.

பக்கத்து எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டரோட சம்சாரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டாங்க. "ஏனுங்க, பாப்பாவோட பெட்ஷீட்டு தெனமும் காயுதுங்களே?"

"தெனமும் துவைச்சுப் போட்டாத்தானுங்க சுத்தம்"னேன்.

"அப்ப உங்களுது காயலீங்களே"ன்னாங்க.

அன்னிக்கே கீழ சேலத்துக்கு எங்கூட்டுக்காரரை அனுப்பி, பாப்பாவுக்கும் லாட்ஜ் பெட்ஷீட் மாதிரியே வெள்ளையா எடுத்துட்டு வரச் சொன்னேன். கெஸ்ட் ரூமுக்கு மாறிப் போயிரக் கூடாதேன்னு ஒரு மூலையில சிவப்பு நூல்ல ரெண்டு தையல் போட்டேன். நடுக்கொடியில, ரூம் பெட்ஷீட்டுங்களுக்கு ஊடால தொங்கவிட்டா அந்த ரைட்டர் சம்சாரம் இல்லை, யாரு வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மத்த ஊட்டுல மெத்தையைக் கொண்டாந்து வாசல்ல காயப்போட்டு மானம் போகும். எனக்கு நாலு ரூம் லாட்ஜ் இருந்துச்சு, மறைச்சுட்டேன்.

காலையில பாப்பா கண்ணைக் கசக்கிட்டு எந்திரிக்கறதுக்குள்ள பெட்ஷீட்டை உருவி பக்கெட்டுல போட்டுருவேன். அவளைத் தூக்கிட்டுப் போய் சுடுதண்ணி ஊத்தி, பவுடர் போட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி காப்பி கொடுப்பேன். அவளும் ஒண்ணும் பேசமாட்டா. துணி காயற பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டா. ஸ்கூலுக்குப் போறப்பக்கூட அந்தக் கொடிக்குக் கீழ போகாம சுத்திக்கிட்டுத்தான் போவா.

செய்யாத வைத்தியமா

கறுப்பு எள்ளும் வெல்லமும் இடிச்சு உருண்டை பிடிச்சுக் குடுத்தேன். பொழுது சாஞ்சா தண்ணி கிடையாதுன்னேன். வாழவந்தி கிராமத்துலருந்து பால் ஊத்த வர்றவங்க சொன்னாங்கன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினேன். சேர்வராயன் கோயிலுக்குப் போய், குனிஞ்சு அந்தக் குகைக்குள்ள நின்னு, "சாமி, இதை நிறுத்திக் குடு"ன்னு வேண்டினேன். ஒண்ணும் நடக்கலை.

இதுக்கு நடுவுல எங்க நாத்தனார் ஒருநாள் சாதாரணமா, "அண்ணன்கூட ஆறாவது படிக்கிற வரைக்கும் இப்படித்தானுங்க அண்ணி, பரம்பரை"ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! எங்கூட்டுக்காரரைப் பார்த்து, "இத்தனை நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"ன்னேன். அவரு ஜீப்பைத் துடைக்கப் போயிட்டாரு.

அவரு டூரிஸ்ட் ஜீப் ஓட்டறவரு. கொண்டை ஊசி வளைவுல வருசக்கணக்கா ஏத்தி இறக்கி இடுப்பு போச்சு. அதுக்குத்தான் அந்தக் கிளினிக்குக்குப் போனாரு. போன இடத்துல சுவத்துல ஒரு போர்டு இருந்திருக்கு. கழுத்து வலி, இடுப்பு வலி, தோள் வலின்னு வரிசையாப் போட்டு, கடைசியில குழந்தைகள் படுக்கையை நனைத்தல்னு இருந்துச்சாம்.

"இடுப்புக்கும் ஒண்ணுக்குக்கும் என்னங்க சம்பந்தம்?"ன்னேன்.

"அங்கிருந்து போற நரம்புதான் அதைக் கட்டுப்படுத்துதாம். போய்த்தான் பாப்பமே"ன்னாரு.

நான் ஒத்துக்கிட்டதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. வருசக் கடைசியில ஸ்கூல்ல கேம்ப் கூட்டிட்டுப் போவாங்க. கீழ ஊருல ஒரு பெரிய ஹால்ல எல்லாப் பிள்ளைங்களும் வரிசையாப் படுத்துத் தூங்கணும். அதுக்கு முந்தின வருசம் பாப்பா காய்ச்சல்னு சொல்லிட்டு ஊட்டுலயே இருந்துட்டா. காய்ச்சல் இல்லை. கேம்ப் போயிட்டு வந்த பிள்ளைங்க அடுத்த சீசன் வரைக்கும் அதையே பேசுச்சுங்க, இவ கேட்டுக்கிட்டே நின்னிருக்கா. "இந்த வருசமாவது போகணும்மா"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. மறுபடி சொல்லலை. அந்த ஒரு தடவை என்னைத் தூங்கவிடலை.

என் மரத்து ஆரஞ்சு

வாராவாரம் பஸ்ல கூட்டிட்டுப் போவேன். முதல்ல பாப்பாவுக்கு வளைவுல வாந்தி வரும், எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வருவா. கொஞ்ச நாள்ல வாந்தி நின்னுபோச்சு. ஜன்னல் சீட்டுல உக்காந்துட்டு எப்ப சேலம் வரும்னு கேக்க ஆரம்பிச்சுட்டா.

கிளினிக் போற அன்னிக்கு மட்டும் தலையை இழுத்து இழுத்து வாரச் சொல்லுவா. பொங்கலுக்கு எடுத்த பாவாடைதான் வேணும்பா. டாக்டர் போட்டிருக்கற கம்மல் மாதிரியே வேணுமாம். டாக்டர் பேனா பிடிக்கற மாதிரியே பேனா பிடிக்கறா. அவங்க சின்ன வயசுதான், கல்யாணம்கூட ஆகலை. மெதுவாப் பேசுவாங்க. நான் பேசினா பக்கத்து எஸ்டேட் வரைக்கும் கேக்கும்.

"அக்காவுக்கு ஆரஞ்சு கொண்டு போகலாம்மா"ன்னா ஒருநாள். எங்க ஊட்டுக்குப் பின்னால ஒரே ஒரு ஆரஞ்சு மரம். காய்க்கறதே கொஞ்சம். பாப்பாவே ஏறிப் பறிச்சா. எனக்கு ஒரு பழம் நீட்டலை.

நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? அவ குளிக்கப் போனப்ப நல்ல பழமாப் பார்த்து எடுத்துட்டு, புளிக்கற பழமா பையில போட்டேன். டாக்டரு அங்கயே ஒண்ணை உரிச்சு வாயில போட்டாங்க. முகம் சுளிக்கும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.

"அய்யோ, எனக்குப் புளிப்புன்னா நொம்பப் பிடிக்குங்க"ன்னு இன்னொண்ணை எடுத்தாங்க.

பாப்பா என்னைப் பார்த்து, "பார்த்தீங்களா!"ங்கற மாதிரி சிரிச்சா. நல்ல பழம் எல்லாம் ஊட்டுல கிடந்து அழுகிப்போச்சு, எனக்கு ஆரஞ்சு அவ்வளவா பிடிக்காது.

தாழ்ப்பாள்

ஒருநாள் டாக்டர் பாப்பாவை வெளிய உக்காரச் சொல்லிட்டு என்னை உள்ள கூப்பிட்டாங்க. அன்னிக்குத்தான் அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் முதல்தடவை சேர்ல உக்காந்தேன்.

"அம்மா, பாப்பா ஸ்கூல்ல ஒண்ணுக்கே போறதில்லைங்க, உங்களுக்குத் தெரியுங்களா?"

எனக்குத் தெரியாது.

"பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லையாம். யாராவது திறந்துருவாங்கன்னு பயம். அதனால காலையிலிருந்து தண்ணியே குடிக்கறதில்லை. சாயங்காலம் ஊட்டுக்கு வந்ததும், பொழுது சாயறதுக்குள்ள வயிறு முட்டக் குடிக்கறா. ரெண்டுக்குப் போறதையும் அடக்கி அடக்கி வெச்சிருக்கா, வயிறு கல்லு மாதிரி இருக்குங்க. மலச்சிக்கல் இருந்தாலும் இது வரும். ஒரு குழந்தை டாக்டரைக் கண்டிப்பாப் பாருங்க. என் வைத்தியத்தை மட்டும் நம்பிட்டு இருக்காதீங்க."

நான் தலையை ஆட்டினேன். நன்றின்னு சொல்லணும்னு தெரியுது, வாயில வரலை. பெத்து, வளர்த்து, தினமும் துவைச்ச எனக்குத் தெரியாத சமாச்சாரம், வாரத்துக்கு ஒருநாள் பார்க்கற இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

திரும்பி வர்ற பஸ்ல கேட்டேன். "ஏன் கண்ணு, தாழ்ப்பாள் இல்லைன்னு எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க ஸ்கூலுக்கு வந்து சண்டை போடுவீங்க."

"நான் எதுக்குச் சண்டை போடறேன்?"

"என் ரிப்பனைப் பத்தி மிஸ் சொன்னதுக்கே போட்டீங்க. ஸ்கூல் கேட் வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. இதுக்கும் வந்தீங்கன்னா எல்லாருக்கும் தெரிஞ்சுரும்."

அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, "அக்கா யார்கூடவும் சண்டை போடமாட்டாங்க"ன்னா.

பஸ் வளைவுல திரும்புச்சு. அவ எம்மேல சாஞ்சா. அது பஸ் சாச்சது.

மறுநாள் நிஜமாவே சண்டைக்குக் கிளம்பிட்டேன். சேலை கூட மாத்திட்டேன். எங்கூட்டுக்காரர்தான் மறிச்சாரு. "நீ இரு, நான் பார்த்துக்கறேன்"னு ஒரு தாழ்ப்பாளும் ஸ்குரூடிரைவரும் எடுத்துக்கிட்டு, லீவு நாள்ல வாட்ச்மேனைப் பிடிச்சு, தானே போட்டுட்டு வந்தாரு. யாருக்கும் ஒரு வார்த்தை தெரியாது.

குழந்தை டாக்டரையும் பார்த்தோம். வயசானவரு. வயிறு இளகறதுக்கு மருந்து எழுதினாரு. பகல்ல தண்ணி குடிக்கணும், நேரத்துக்குப் பாத்ரூம் போகணும்னாரு. "முதுகை நீவறதால இது நிக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்கம்மா. பாதிக்கு மேல பிள்ளைங்களுக்கு வளர வளரத் தானாவே நின்னுரும். பிள்ளையைத் திட்டாம இருங்க, அது போதும்"னாரு.

கொஞ்சம் கொஞ்சமா படுக்கை காய ஆரம்பிச்சுது. ஒருநாள் நனையும், நாலு நாள் நனையாது. எதனால நின்னுச்சுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. மருந்தா, தண்ணியா, தாழ்ப்பாளா, வயசா, சேர்வராயனா. ஆனா எங்க ஊட்டுல ரெண்டு பேரும் ஒரே பாட்டுத்தான். "டாக்டரம்மா கைராசி!"

"அப்ப நான் இத்தனை வருசம் என்ன, புல்லு புடுங்கிட்டா இருந்தேன்?"னேன்.

"உன்னை யாரு என்ன சொன்னா?"ன்னாரு எங்கூட்டுக்காரர். அதான் பிரச்சினை. என்னை யாரும் ஒண்ணும் சொல்லலை.

படுக்கை காய்ஞ்ச நாள்லயும் நான் விடியக்காலம் அந்தப் பெட்ஷீட்டை உருவி பக்கெட்டுல போட்டுட்டுத்தான் இருந்தேன். கை பழகிப்போச்சு. "காய்ஞ்சதை எதுக்குத் துவைக்கறே?"ன்னு அவரு கேட்டாரு. சுத்தம்னு சொன்னேன்.

கேம்ப் பை

கேம்ப்புக்குப் பேரு கொடுத்தா. நானே பை கட்டினேன். கடையில பூப்போட்ட புது பெட்ஷீட் வாங்கி வெச்சிருந்தேன், அதை வேண்டாம்னுட்டா. சிவப்பு நூல் போட்டதுதான் வேணுமாம். "மாறாது, என்னுதுன்னு தெரியும்"னா.

பஸ் கிளம்பறப்ப எல்லா அம்மாக்களும் கையாட்டினாங்க. எனக்கு மட்டும் ஒரே நினைப்பு. அங்க நனைஞ்சுட்டா என்ன பண்ணுவா? நடுக்கொடியில மறைக்க நான் இருக்கமாட்டேனே.

திரும்பி வந்த அன்னிக்கு ஊட்டுக்குள்ள நுழைஞ்சவ பையைத் தூக்கி எறிஞ்சுட்டு, "கேம்ப் எப்படி இருந்துச்சு கண்ணு?"ன்னு நான் கேட்டது காதுல விழாம, அவங்கப்பா போனைப் பிடுங்கிட்டுப் பின்கட்டுக்கு ஓடினா. யாருக்குப் போனுன்னு சொல்லணுமா?

எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நல்லா இருந்துச்சா இல்லையான்னுகூடச் சொல்லலை. கோவத்தோட பையைப் பிரிச்சேன். துணியெல்லாம் மேல இருந்துச்சு. அடியில, மூலையில, அந்த பெட்ஷீட். உருண்டையாச் சுருட்டி, திணிச்சு.

எனக்கு உசுரே போயிருச்சு. நனைஞ்சதை ஒளிச்சு வைக்கறவங்க வேற எப்படி வைப்பாங்க? அத்தனை பிள்ளைங்களுக்கு நடுவுல, பாவம் எம் புள்ள, ஒத்தையில என்ன பாடு பட்டுச்சோ. போனை எடுத்துக்கிட்டு ஓடினது அதுக்குத்தானா? அழறதுக்குக்கூட அவங்கதானா?

முகத்துக்கிட்டக் கொண்டு போய் மோந்து பார்த்தேன். மண்ணு வாசனை. தேங்காயெண்ணெய் வாசனை. வேற ஒண்ணும் இல்லை. முழுசா விரிச்சுப் பார்த்தேன், மூலைக்கு மூலை தடவினேன். காய்ஞ்சு கிடக்கு.

அப்ப எதுக்கு இப்படிச் சுருட்டி வெச்சா?

பின்கட்டுல அவ குரல். சிரிச்சுக்கிட்டுத்தான் பேசறா.

"இல்லைக்கா, ஒண்ணுமே ஆகலை! ரெண்டு நாளும் ஒண்ணுமே ஆகலை. ஆனா காலையில எல்லாரும் அவங்கவங்க பெட்ஷீட்டை மடிச்சாங்கக்கா. எனக்கு மட்டும் மடிக்கத் தெரியலை. லாட்ஜுக்காரர் பொண்ணுக்கு பெட்ஷீட் மடிக்கத் தெரியலைன்னு ஒரே கிண்டல். நான் மடிச்சதே இல்லைக்கா. எங்கூட்டுல நான் எந்திரிக்கறதுக்குள்ள அம்மா உருவிருவாங்க."

கதவுக்கு இந்தப் பக்கம் பெட்ஷீட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கண்ணு கலங்கிருச்சு. அப்பவும் பாருங்க, இதையும் மொதல்ல அவங்ககிட்டத்தானே சொல்றாள்னு ஒரு பக்கம் எரியுது.

"போனை வெச்சுட்டு வா சாமி"ன்னேன். சத்தம் போடலை.

வந்தா. எங்கையில பெட்ஷீட்டைப் பார்த்ததும் முகம் மாறிப்போச்சு. கொடிக்குக் கீழ கூட்டிட்டுப் போனேன். கொஞ்சம் தயங்கினா, வந்தா. அன்னிக்கும் ரூம் பெட்ஷீட்டுங்க காய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"அந்த ரெண்டு மூலையைப் பிடி. இறுக்கிப் பிடி. உதறு."

உதறினா. கேம்ப் மண்ணு பறந்துச்சு. ரெண்டு பேரும் தும்மினோம். ரெண்டா மடிச்சோம். "இப்ப எங்கிட்ட நடந்து வா"ன்னேன். கையை நீட்டிக்கிட்டு வந்தா, அவ மூலையை எம் மூலையில சேர்த்தா. சிவப்பு நூல் எங்கைக்கு வந்துச்சு.

"அவ்வளவுதானாம்மா?"ன்னா.

"அவ்வளவுதான்."

கொடியிலிருந்து இன்னொண்ணை அவளே உருவினா. அதையும் மடிச்சோம். அதுக்கப்புறம் இன்னொண்ணு. சாந்தி வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டா.

"இதை அக்காவுக்கும் சொல்லித் தரணும்மா. அவங்க கிளினிக் கட்டில்ல துணியைச் சும்மா சுருட்டித்தான் வைக்கறாங்க"ன்னா பாப்பா.

"அதெல்லாம் வேண்டாம்"னேன். "இது நம்மூட்டோட இருக்கட்டும். இந்தா, அடுத்ததைப் பிடி."